ஓரம் கணக்கில் வராது

எங்கள் பேக்கரியில் நாங்கள் யாரும் கேக் சாப்பிட மாட்டோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நாள் முழுக்க அந்த வாசனையிலேயே கிடப்பவர்களுக்கு கேக்கைப் பார்த்தால் ஆசை வராது, பாக்கி வேலைதான் ஞாபகத்துக்கு வரும். அண்ணன் மாவு பிசைந்து ஓவனைப் பார்த்துக்கொள்வான். ஆர்டர் எடுப்பது, கல்லாவில் உட்காருவது, வருகிறவர்களின் குடும்பக் கதைகளை முகம் சுளிக்காமல் கேட்பது எல்லாம் அண்ணி. க்ரீம் பூசுவது, பூ வைப்பது, பிறந்தநாள் குழந்தையின் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவது தங்கை நான். கடைக்கு மேலேயே வீடு.

அண்ணனுக்கு ஒரே பெண். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவள் பன்னு.

ஓரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கேக் ஓவனுக்குள் போகும்போது ஒழுங்காகத்தான் போகும். வெளியே வரும்போது நடுவில் தொப்பை போட்டுக்கொண்டு வரும். அந்தத் தொப்பையைச் சீவி, பக்கங்களையும் நேராக வெட்டினால்தான் நான் க்ரீம் பூச முடியும். அப்படி வெட்டி எடுத்த துண்டுகளுக்கு எங்கள் கடையில் ஓரம் என்று பெயர். ஓரத்தை யாரும் விற்பதில்லை, யாரும் விலை கேட்பதில்லை. ஆகவே எங்களைப் பொறுத்தவரை அது தின்பண்டமே இல்லை. வெங்காயத்துக்குத் தோல் எப்படியோ கேக்குக்கு ஓரம் அப்படி.

பன்னு வளர்ந்தாள். அப்படி ஒரு வளர்த்தி. மாடிக் கதவு நிலையில் அண்ணன் பென்சிலால் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைப்பான், அந்தக் கோடு அவன் பென்சிலைக் கீழே வைப்பதற்குள் பழசாகிவிடும். ரொட்டி வாங்க வந்தவர்களைக்கூட விட மாட்டான். "ஒரு நிமிஷம் மேல வந்து பாத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுப்பான். அவர்களும் பாவம், ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி, கதவைப் பார்த்து "ஆஹா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் பிள்ளைக்கு அந்த உயரத்தால் கிடைத்தது என்னவோ தொல்லைதான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் வாசலில் நின்றவளைப் பார்த்து, "எந்தக் குழந்தையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேம்மா?" என்று கேட்டிருக்கிறார். "என்னைத்தான் மிஸ்" என்றாளாம் இவள். பஸ்ஸில் முழு டிக்கெட். பெஞ்சு நகர்த்த, கரும்பலகை துடைக்க, அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்த எல்லாவற்றுக்கும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர் ஒருநாள் எங்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "வயசுப் பொண்ணு இப்படித் தெருவுல கயிறு தாண்டிக் குதிக்கலாமா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த க்ரீம் ரோஜாப்பூ முட்டைக்கோஸாக மாறிவிட்டது.

"ஆமாங்க, வயசுப் பொண்ணுதான். எட்டு வயசுப் பொண்ணு" என்றேன். அவர் நம்பவில்லை. அன்றைக்கு பன்னு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கேட்டுவிட்டாள் போல.

அதற்கு அடுத்த வாரம் அண்ணி என்னைப் படிக்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கவனித்ததைக் காதோடு காதாகச் சொன்னாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வரவேண்டிய மாற்றங்கள் இப்போதே தலைகாட்டுகின்றன என்று. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அவளுக்கு இன்னும் பல்லே முழுசா விழுந்து முளைக்கலடி" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து, நாலு பேரும் ஒரே ஊர்வலமாகப் போனோம். டாக்டர் கண்டிப்பான அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பைப் பார்த்தால் உடம்புக்கு உண்மையில் என்ன வயசு என்று தெரிந்துவிடுமாம்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்தார். "பிள்ளைக்கு எட்டு வயசு. எலும்புக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு."

"அவ கிளாஸ்லயும் எப்பவும் முன்னாடிதான் டாக்டர்" என்றான் அண்ணன். முகமெல்லாம் பூரிப்பு.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அண்ணி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். நான் மிதிக்க வேண்டிய வேலை மிச்சமாயிற்று.

"இது ரேஸ் இல்லீங்க" என்றார் டாக்டர். "சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். இப்ப கிளாஸ்லயே உயரமா இருக்கா. மத்த பிள்ளைங்க எல்லாம் உயர ஆரம்பிக்கறப்போ இவ எலும்பு வளர்றத நிறுத்திடலாம். உயரத்தை விடுங்க. மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை பெரிய மனுஷி ஆனா, அதை அவ மனசு எப்படித் தாங்கும்? அதை யோசிங்க."

அண்ணனின் பூரிப்பு வடிந்துபோனது. பென்சில் கோடுகள் எல்லாம் அவன் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஏன் டாக்டர் இப்படி?" என்று அண்ணி கேட்டாள்.

"இதுதான்னு ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. ஒல்லியா இருக்கற பிள்ளைங்களுக்கும் சில சமயம் சீக்கிரம் வரும். ஆனா இவளை மாதிரி எடை கூடுதலா இருந்தா வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உடம்புல இருக்கற கொழுப்பு சும்மா தூங்கிட்டு இருக்காது. மூளைக்குத் தகவல் அனுப்பிட்டே இருக்கும். ஸ்டாக் நிறைய வந்தாச்சு, இனி கடையைத் திறக்கலாம்னு. மூளை அதை நம்பிடும். பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேக்காது."

எங்கள் மூவருக்கும் சட்டென்று புரிந்தது. கடைக்காரர்களிடம் கடையை வைத்துச் சொன்னால் புரியாமல் போகுமா.

"அப்போ ஷட்டரை இறக்கிட முடியாதா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"அதுக்கு ஊசி இருக்கு, எல்லாருக்கும் தேவைப்படாது. ரத்தத்துல பயப்படும்படி ஒண்ணும் இல்ல, அதனால இப்ப வேண்டாம். முதல்ல ஸ்டாக் ஏறாம பாப்போம். சாப்பாடு எப்படி? கேக், பிஸ்கட் எல்லாம் நிறைய சாப்பிடுவாளா?"

"ஐயோ, தொடவே மாட்டா டாக்டர்" என்றோம் மூவரும் ஒரே குரலில். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி. "நாங்க யாருமே கேக் சாப்பிட மாட்டோம். வேணும்னா கேட்டுப் பாருங்க."

டாக்டர் பன்னுவிடம் கேட்டார். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். பொய் பேசத் தெரியாத பிள்ளை.

"கேக் சாப்பிட மாட்டேன் டாக்டர். ஓரம் மட்டும்தான்."

"ஓரமா? அது யாரு குடுப்பாங்க?"

"காலையில அப்பா. ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா. சாயங்காலம் அத்தை. அத்தை குடுக்கறதுல க்ரீமும் இருக்கும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் எக்ஸ்ரேவைப் பார்த்தான். பிள்ளை ஆசையாகக் கேட்கிறாளே என்று துளியூண்டு கொடுப்பது நான் ஒருத்திதான் என்று நான் நினைத்திருந்தேன். மற்ற இருவரும் அப்படியேதான் நினைத்திருக்கிறார்கள். மூன்று பேர் கொடுத்த துளியையும் ஒருத்தியே வாங்கிக்கொண்டு, யாரையும் யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். அவளை டாக்டருக்குப் படிக்க வைப்பதா வக்கீலுக்குப் படிக்க வைப்பதா என்று அந்த நிமிஷத்திலும் எனக்கு ஒரு யோசனை ஓடியது.

"ஓரமெல்லாம் கணக்குல வராது டாக்டர்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னான்.

"உங்க கணக்குல வராது. அவ உடம்புக் கணக்குல வரும்" என்றார் டாக்டர். அவரையும் மீறி உதடு துடித்தது. சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுக் கண்டிப்பாகவே சொன்னார். பட்டினி போடக் கூடாது. திட்டக் கூடாது. குண்டு என்ற வார்த்தை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. இருக்கிற எடை அப்படியே நின்றால் போதும், உயரம் கூடும்போது சரியாகிவிடும். நன்றாகத் தூங்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி விளையாட வேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யார் அதிகம் கொடுத்தது என்று மூவரும் கிசுகிசுவென்று சண்டை போட்டோம். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணிதான் ஒரு வழி சொன்னாள். அவரவர் கொடுக்கிறதை மறுநாள் முழுக்க பன்னுவுக்குக் கொடுக்காமல் ஒரே டப்பாவில் போடலாம், பார்த்துவிடலாம் என்றாள். பெரிய பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தோம். சாயங்காலம் மூடி போட முடியவில்லை. அண்ணன் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தான், அப்போதும் மூடவில்லை. எழுந்து, அமுங்கிப்போன அந்த ஓரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழு கேக்குடி" என்றான் என்னிடம். "தினமும் என் பிள்ளைக்கு ஒரு முழு கேக்."

பிள்ளைக்கு ஓரம் கிடையாது என்று முடிவாயிற்று. ஆனால் ஓரம் இல்லாமல் கேக் ஏது? வெட்டி வைத்த ஓரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பெரியவர்களுக்கே கை நீளும், குழந்தையைச் சொல்லி என்ன பிரயோஜனம். வேலைக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்றால் எங்களிடம் வேலைக்காரர்களே கிடையாது. தெருநாய்க்குப் போட்டோம். நான்கே நாளில் அது மற்ற வீட்டுச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் எங்கள் வாசலிலேயே குடியேறிவிட்டது. இன்னொரு ஜீவனையும் டாக்டரிடம் கூட்டிப்போகும்படி ஆகிவிடும் என்று பயந்து நிறுத்தினோம்.

"கேக்குக்குத் தொப்பையே வராம பண்ணிட்டா?" என்றாள் அண்ணி. அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அண்ணன் சூட்டைக் குறைத்துப் பார்த்தான், கேக் அழுதுகொண்டு வந்தது. சூட்டைக் கூட்டிப் பார்த்தான், நடுவில் பிளந்துகொண்டு வந்தது. மேலே கனமாகத் தட்டை வைத்துப் பார்த்தான், அந்தக் கேக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஒரு நாள் பழைய கேக் டின் ஒன்றில் பக்கவாட்டில் மாவு ஒழுகியது. அவசரத்துக்குத் தன் பழைய பனியனைக் கிழித்து, நனைத்து, டின்னைச் சுற்றி இறுக்கக் கட்டி ஓவனுக்குள் தள்ளிவிட்டான். அந்த ஒரு கேக் மட்டும் மேஜை மாதிரி சமமாக வெளியே வந்தது. நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். பக்கங்கள் சீக்கிரம் வெந்து இறுகாமல் ஈரத்துணி தடுக்கிறது, அதனால் எல்லாம் சேர்ந்தாற்போல் உயர்கிறது என்று பிறகு நிதானமாக யோசித்தபோது புரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் பனியன் தங்கவில்லை. காய்கிற கொடியிலிருந்தே அண்ணி உருவிக்கொண்டு வருவாள். அண்ணன் ஓவன் முன்னால் வெறும் சட்டையோடு நின்று, "எனக்குன்னு ஒண்ணாவது விட்டு வையுங்களேன்" என்று கெஞ்சினான். சீவுவதற்கு மேலேயும் ஒன்றுமில்லை, வெட்டுவதற்குப் பக்கத்திலும் ஒன்றுமில்லை. க்ரீம் வழித்த கிண்ணத்தை நானே உடனுக்குடன் கழுவி வைத்தேன். பன்னு சமையலறைப் பக்கம் வந்து, சமமான கேக்குகளை வரிசையாகப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். அதைப் பார்க்கத்தான் மனசு கேட்காது.

அடுத்தது விளையாட்டு. தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை, பெரிய அக்கா என்பார்கள். பெரிய பிள்ளைகளோ சின்னப் பிள்ளை என்று துரத்துவார்கள். ஆகவே நாங்களே விளையாடினோம். ரொட்டி வேலை முடிந்து, அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து சாயங்கால ஆர்டர் தொடங்கும்வரை கடையில் கூட்டம் இருக்காது. ஓடிப்பிடித்து, கண்ணாமூச்சி, மாடிப்படி ஏறி இறங்கும் பந்தயம். மூன்று பேருக்கும் ஆரம்பத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. நாலாவது நாளிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, இவள் கல்லாவில் உட்கார்ந்து வீணாகிப் போயிருக்கிறாள் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் கல்யாண நாளுக்குக் கேக் சொல்ல வந்தார். கடையில் ஈ காக்கை இல்லை. "யாரும்மா உள்ள?" என்று குரல் கொடுத்துக்கொண்டே கவுண்டருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அடியில் அண்ணன் குந்தி உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க, மாட்டிப்பேன்" என்றிருக்கிறான். பெரியவர் பயந்து பின்னால் நகர்ந்து காலி மாவு டிரம்மைத் தட்ட, அதற்குள் இருந்து நான் எழுந்தேன். மாவோடு மாவாக. மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பன்னு ஓடிவந்து மூன்று பேரையும் தொட்டு அவுட் ஆக்கினாள், பெரியவரையும் சேர்த்து. அடுத்த ஆட்டத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணியது அவர்தான். கேக் ஆர்டரைக் கொடுக்க மறந்துவிட்டுப் போய், மறுநாள் திரும்பி வந்தார். ஆர்டருக்காக மட்டும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. பன்னு விளையாட வரவில்லை. தேடிப் போனால் மாடிப்படியில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்திருந்தாள்.

"வயிறு வலிக்குது அத்தை."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான், விறுவிறுவென்று போனான், கடை ஷட்டரைப் பிடித்து ஒரே இழுப்பில் தரைவரை இறக்கினான். எதற்கு இறக்கினான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மாள் உள்ளேயே மாட்டிக்கொண்டார். அவர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்து, பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார்.

அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எட்டு வயசுங்க அவளுக்கு" என்றாள். அந்த அம்மாளுக்கும் சட்டென்று முகம் மாறிவிட்டது. குனிந்து பன்னுவின் முதுகைத் தடவ ஆரம்பித்தார்.

பன்னு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் விடவில்லை.

"அப்பா, கடை திறந்துடுச்சா?" என்று கேட்டாள். "இனிமே என்னை விளையாட விட மாட்டீங்களா?"

இத்தனை நாளும் நாங்கள் எடை, உயரம், எலும்பு என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவள் பயந்தது இதற்கு. இரண்டு மாதமாக ஓடி ஆடிக்கொண்டே இதைத்தான் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

அண்ணன் அவளுக்குக் கீழ்ப் படியில் வந்து உட்கார்ந்தான். வெறும் சட்டையோடு, மாவுக் கையோடு. "கேளு பன்னு. கடை இன்னிக்குத் திறந்தாலும் சரி, அஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தாலும் சரி, நீ விளையாடு. கயிறு தாண்டு, ஓடு, குதி, என்ன வேணாலும் பண்ணு. எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் முகம் தெளிந்தது. உடம்பை நிமிர்த்தி மூச்சை இழுத்துவிட்டாள். அப்போது அவளிடமிருந்து ஒரு ஏப்பம் வந்தது. அவ்வளவு பெரிய ஏப்பத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. படிக்கட்டு முழுக்க ஈஸ்ட் வாசனை.

அண்ணன் மோப்பம் பிடித்தான். இருபது வருஷமாக ரொட்டி போடுகிறவன் மூக்கு அது. "பன்னு, என்ன சாப்பிட்டே?"

"மாவு" என்றாள் சின்னக் குரலில். "ரொட்டிக்குப் பிசைஞ்சு வெச்சிருந்தீங்கள்ல, அதுல ரெண்டு உருண்டை. ஓரம்தானே சாப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்க. மாவைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

பச்சை மாவு. ஈஸ்ட் போட்டது. வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் அது சும்மா இருக்குமா, வயிற்றுக்குள்ளேயே பொங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணிதான் முதலில் சிரித்தாள். படியில் உட்கார்ந்தபடியே, கண்ணீரோடு, சத்தமே வராமல் குலுங்கினாள். பிறகு நான். பிறகு அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பன்னுவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க ஏப்பம் வந்தது, ஏப்பம் வர வரச் சிரிப்பு வந்தது. அண்ணன் ஷட்டரைத் தூக்கிவிட்டான். வெளியே நாலைந்து பேர் என்னவோ ஏதோவென்று நின்றிருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் ஆளுக்கொரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பினான்.

அதற்குப் பிறகு அவள் வாயில் பச்சை மாவு போகவில்லை. பயத்தால் இல்லை, மாவு டப்பாவின்மேல் அண்ணன் அரைக்கும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டான்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி ஊர்வலம் போனோம். எடை மிஷினில் பன்னு ஏறி நின்றாள். போன தடவை நாற்பத்திரண்டு கிலோ, இந்தத் தடவையும் நாற்பத்திரண்டேதான். உயரம் கொஞ்சம் கூடியிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவசரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். கூட இருக்கற பிள்ளைங்களை விட முன்னாடியே வந்தாலும் வரலாம். ஆனா இன்னிக்கு இல்ல. இப்ப பண்ற மாதிரியே பண்ணிட்டிருங்க."

"இன்னிக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று அண்ணன் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான். யார் கேட்டார்கள் அவனை. டிக்கெட் கொடுத்தவரிடமும் சொன்னான்.

வந்து இறங்கினால் கடை வாசலில் மைதா லாரி நிற்கிறது. அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டான். லாரிக்காரர் மேலிருந்து மூட்டையைச் சாய்ப்பார், இவன் முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருவான். பன்னு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, அந்த மூட்டை எவ்வளவு?"

"அம்பது கிலோ."

"நான் நாப்பத்திரண்டுதான்."

அண்ணன் நின்றுவிட்டான்.

"என்னையும் தூக்குப்பா. மூட்டை மாதிரி."

அவளை அவன் தூக்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. முடியாமல் இல்லை. அவள் பெரியவளாகத் தெரிந்ததும் அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஒருநாள் கையை நீட்டிக்கொண்டு வந்தவளிடம், நீ வளர்ந்துட்டே, இனிமே தூக்க முடியாது என்றான். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. இப்போது கேட்டுவிட்டு, தெருவில் அத்தனை பேர் பார்க்க, நிமிர்ந்து நிற்கிறாள். மருந்துக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

அண்ணன் அவரைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் குனிந்தான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அவன் எழுந்தபோது அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். சிரிப்பா கூச்சலா என்று சொல்ல முடியாது. மாவு படிந்த அவன் தலையைக் கலைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

லாரிக்காரர் அடுத்த மூட்டையைப் பிடித்தபடி காத்திருந்தார். "அண்ணே, அந்த மூட்டையை எங்க இறக்கப் போறீங்க?"

"இதை இப்ப இறக்கறதா இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கடை வாசலைத் தாண்டித் தெருவில் நடக்க ஆரம்பித்தான்.